மூப்பரும் அண்ணாவியாரும்: யோசேப்பு வாஸ் அடிகளார் செய்த ஏற்பாடு

கோவாக்காரர்கள் தங்கள் புனிதர் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் யோசேப்பு வாஸ் அடிகளாரின் வரலாற்றில், தமிழர்களாகிய நாம் படித்தறிய வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அவருடைய தாய்மொழி கொங்கணி. 1651-இல் கோவாவிலுள்ள பெனாலிம் என்ற ஊரில் பிறந்து, 1676-இல் குருப்பட்டம் பெற்றார். ஆயினும் அவருடைய கடைசி 24 ஆண்டுகள் இலங்கையில், தமிழரிடையேயும் சிங்களவரிடையேயும் கழிந்தன. கண்டியில் வறட்சி வந்தபோது அவர் ஜெபித்து மழை பெய்த வரலாற்றைப் பலரும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, அவர் ஊர் ஊராகப் பொதுநிலையினரைப் பழக்கிவிட்டுச் சென்றதுதான். (பொதுநிலையினர் என்றால் குருப்பட்டமோ துறவறமோ பெறாத, குடும்பம் நடத்தும் சாதாரண விசுவாசிகள். மற்ற சமயத்து வாசகர்களுக்காக இதைச் சொல்கிறேன்.)

அன்றைய நிலைமையை முதலில் பார்ப்போம். 1658-இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். அவர்கள் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. இப்படி ஏறத்தாழ 30 ஆண்டுகள், ஒரு தலைமுறைக் காலம் கடந்தது. பாட்டி சொல்லிக்கொடுத்த ஜெபம் பேத்திக்குத் தெரியும்; பூசை எப்படி இருக்கும் என்று தெரியாது.

இதைக் கேள்விப்பட்ட வாஸ் அடிகளார் 1686-இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். உடன் ஒரு வேலைக்காரப் பையனும் சென்றான். அங்கியைக் களைந்துவிட்டுக் கூலியாளைப் போல உடுத்திக்கொண்டு, தூத்துக்குடி வழியாக இலங்கை சேர்ந்தார். 1687-இல் யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டார். கழுத்தில் ஜெபமாலை மட்டும் தெரியும்படி இருந்தது. அதைக் கண்டு எந்த வீட்டார் முகம் மாறுகிறார்களோ அவர்கள் கத்தோலிக்கர் என்று கண்டுகொண்டார். பிறகு சில்லாலை என்ற கிராமத்தார் அவரை அழைத்து வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து இரவில் புறப்பட்டு, ஒரு வீட்டில் ரகசியமாகப் பூசை செய்து, விடியுமுன் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

அவர் போன பிறகு அந்த ஊரின் கதி என்ன? மறுபடி வர மாதக்கணக்காகும். பிடிபட்டால் வரவே முடியாது. ஆகவே ஒவ்வொரு ஊரிலும் இருவகைப் பொறுப்பாளர்களை ஏற்படுத்தினார். மூப்பர் கோவிலையும் சபையையும் கவனிப்பவர். யார் நோயாளி, எந்தக் குழந்தை பிறந்திருக்கிறது என்று அறிந்து, குருவானவர் வந்ததும் தெரிவிப்பார். அண்ணாவியார் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்லிக்கொடுப்பார், புனிதர்களின் வரலாற்றை வாசிப்பார். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு அருகே இருந்து ஜெபிப்பதும், ஆபத்து வேளையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் இவர்கள் பொறுப்பே. அவசர நேரத்தில் ஞானஸ்நானம் கொடுக்க எவருக்கும் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது.

இந்தப் பெயர்களையும் கவனிக்க வேண்டும். அண்ணாவி என்றால் பழந்தமிழ் வழக்கில் திண்ணைப் பள்ளி ஆசிரியர்; கூத்துப் பழக்குபவரையும் அப்படித்தான் அழைப்பார்கள். லத்தீன் பட்டம் எதையும் சூட்டாமல், ஊர் ஏற்கெனவே மதித்த சொல்லே வழங்கியது. ஊரைவிட்டு வந்து பிள்ளைகளுக்குத் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பொதுநிலையினரிடம் இப்படிப் பொறுப்பை ஒப்படைத்த முதல் குரு இவர் அல்லர். 1540-களில் முத்துக்குளித்துறையில் புனித சவேரியார் ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்து ஜெபம் சொல்லிக்கொடுக்கச் செய்தார். அவர்கள் சம்பளத்துக்குப் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இருந்த பணத்தைக் கேட்டு வாங்கினார் என்பது சுவையான செய்தி. சவேரியாருக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது. வாஸ் அடிகளார் ஏற்படுத்தியவர்களுக்கு, டச்சு ஆட்சி நடந்த இடங்களில், அரசே எதிரி. பிடிபட்டால் அபராதமும் சிறையும் காத்திருந்தன. சம்பளத்துக்காக அந்த வேலையை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

பயிற்சிக்குப் புத்தகமும் வேண்டுமே! வாஸ் அடிகளார் தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் உபதேசித்தார். 1705-இல் வந்து சேர்ந்த இன்னொரு கோவாக் குருவான ஜாக்கோமே கொன்சால்வேஸ் அந்த வேலையை வெகுதூரம் கொண்டுபோனார். இரு மொழிகளிலும் பல நூல்கள் எழுதினார். கையில் நல்ல ஏடு இருந்தால், பிரசங்கம் செய்யத் தெரியாத அண்ணாவியாரும் வாசித்துச் சபையை நடத்தலாம் அல்லவா? கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' அத்தகைய நூல்.

வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் காலமானார். டச்சு ஆட்சி 1796 வரை நீடித்தது. கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை ஆங்கிலேயர் 1806-இல்தான் நீக்கினார்கள். அவர் மறைந்தபின் ஒரு நூற்றாண்டு முழுவதும் விரல்விட்டு எண்ணத்தக்க கோவாக் குருக்களே அங்கு இருந்தார்கள். மற்ற நாட்களில் கோவில் விளக்கை ஏற்றியவர்கள் மூப்பரும் அண்ணாவியாருமே. பொதுநிலையினரின் அப்போஸ்தலப் பணியைப் பற்றி வத்திக்கான் சங்கம் தனி ஆணை வெளியிட்டது 1965-இல்!

1995-இல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. 2015-இல் அதே நகரில் புனிதராக உயர்த்தப்பட்டார். யாழ்ப்பாணம், மன்னார் பகுதிக் கோவில்களில் தவக்காலம் வந்தால் இன்றும் வியாகுலப் பிரசங்கம் ஒலிக்கிறது.