மறதியும் மறதிநோயும்

மறதி மனிதர் யாவர்க்கும் உண்டு. வயது ஏற ஏற நடை தளர்வதுபோல நினைவின் விரைவும் சற்றுத் தளரும். தாத்தா மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறந்து தேடுகிறார். பழைய நண்பரின் பெயர் நாவில் வராமல் தவித்து, சிறிது நேரம் கழித்து நினைவுகூர்கிறார். இவை முதுமையின் இயல்பு. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே, அது எதற்குப் பயன்படும் என்று அவர் திகைத்தால், அது இயல்பன்று.

நோய்களால் மூளை பழுதுபட்டு, நினைவும் சிந்தனையும் குன்றும் நிலையை மறதிநோய் என்பர். மருத்துவர் இதனை டிமென்ஷியா என அழைப்பர். அதற்குப் பெரும்பாலும் காரணமாவது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் அந்நோயை முதன்முதலில் விளக்கினார்.

கேட்ட கேள்வியையே சில நிமிடங்களில் மீண்டும் மீண்டும் கேட்டல், பல்லாண்டு சமைத்த குழம்பின் செய்முறை மறத்தல், கடையில் பணத்தை எண்ணித் தரத் தடுமாறுதல், இயல்புக்கு மாறாகச் சினத்தல் ஆகியன மறதிநோயின் தொடக்க அறிகுறிகளாக இருக்கலாம்.

பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் மற்றொன்றையும் கருத வேண்டும். ஊரிலிருந்து அண்மையில் வந்த பாட்டி அல்சூர்த் தெருக்களில் வழி தவறுவதும், கன்னடப் பெயர்ப்பலகை முன் விழிப்பதும் நோயல்ல. ஊர் அவருக்குப் புதிது. முப்பது ஆண்டுகளாகச் சென்றுவந்த கடைக்கு வழி தெரியாமல் அவர் நின்றால், அதுவே கவனிக்கத்தக்கது. முதியவரைப் பிறரோடு ஒப்பிடலாகாது. அவர் முன்பு இருந்த நிலையோடுதான் ஒப்பிட வேண்டும். நாள்தோறும் பாட்டியோடு பேசும் பேரப்பிள்ளையே இம்மாற்றத்தை முதலில் உணரக்கூடும். உணர்ந்ததைப் பெற்றோரிடம் சொல்லுதல் கோள் சொல்லுதல் ஆகாது.

மறதி கண்டவுடன் அஞ்சவும் வேண்டா. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றைச் சரிசெய்ய இயலும். எது காரணம் என்பதை மருத்துவரே ஆய்ந்து கூறுவார். பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப் பிரிவு உள்ளது.

பாட்டி ஒரே கேள்வியைப் பத்தாம் முறை கேட்கும்போது, “இப்போதுதானே சொன்னேன்” என்று சினவாமல், முதல்முறை சொல்வதுபோலவே சொல்வது அன்பு.

தெரிந்துகொள்வோம்

ஐதராபாத்தில் மறதிநோய் கண்ட 648 பேரை ஆராய்ந்த முடிவு 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு மொழி மட்டும் பேசியவரைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்க்கு நோய் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியிருந்தது.

சொற்பொருள்

குன்றுதல் – குறைதல்
அண்மையில் – சில நாள்களுக்கு முன்
கோள் – பிறர்மீது கூறும் குற்றம்

பயிற்சி

1. இயல்பான மறதி, நோயின் அறிகுறி என வகைப்படுத்துக:
அ) சாவியை வைத்த இடத்தை மறத்தல்
ஆ) சாவியின் பயனை மறத்தல்
இ) புதிய ஊரில் வழி தவறுதல்
ஈ) பழகிய தெருவில் வழி தவறுதல்
2. முதியவரை அவருடைய முந்தைய நிலையோடு ஒப்பிட வேண்டுவது ஏன்?
3. உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ அவர்தம் ஊரைப் பற்றிக் கேட்டு, ஐந்து வரிகளில் எழுதுக.