மாரன் என்பவன் யார்?

உருவமற்ற கருத்துகளுக்கு உருவமும் பெயரும் கற்பித்தல் எல்லா நாட்டுப் புராணங்களிலும் சிற்பங்களிலும் காணப்படும் மரபாகும். கிரேக்கர் வெற்றியைச் சிறகுடைய பெண்ணாக்கி நைக்கி என்றனர். தமிழர் செல்வத்தைத் திருமகளாகவும், உடலையும் உயிரையும் கூறுபடுத்தும் சாவைக் கூற்றுவனாகவும் கண்டனர். பௌத்த நூல்களில் வரும் மாரனும் இவ்வகையினனே. அப்பெயருக்குச் சாகச் செய்வோன் என்பது பொருள். தமிழில் அது காமனையும் குறிக்கும்.

நாம் வாழும் மகாராட்டிரத்திலேயே, அஜந்தாவின் 26ஆம் குகையில், பொது ஆண்டு 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செதுக்கப்பெற்ற சிற்பம் ஒன்றுண்டு. போதிமரத்தடியில் பகவன் நிலத்தைத் தொட்டு வீற்றிருக்கின்றார். மாரன் யானைமீது படையுடன் வருகின்றான். கீழே அவன் புதல்வியர் ஆடுகின்றனர். அவர்தம் பெயர்களை நோக்கின் உட்பொருள் விளங்கும். தண்ஹா என்பது வேட்கை. அரதி என்பது மனவெறுப்பு. ராகா என்பது பற்று. சுத்தநிபாதத்துப் பதான சூத்திரமும் காமம், வெறுப்பு, பசிதாகம், வேட்கை, சோம்பல், அச்சம், ஐயம் முதலியவற்றையே மாரனுடைய படைகள் என எண்ணுகின்றது. இவை யாவும் நம் உடலிலும் உள்ளத்திலும் தோன்றுவனவே அன்றோ?

உருவகத்தை உருவகமென அறிந்தவரையில் தீங்கில்லை. மறந்தால் கேடு விளையும். பெரியம்மையை அன்னையின் வருகையெனக் கொண்டு நம் முன்னோர் அஞ்சி வணங்கினர். தடுப்பூசியால் அந்நோய் உலகினின்றும் ஒழிந்ததென 1980ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இன்றும் தாராவியிலோ செம்பூரிலோ ஆடவன் ஒருவன் குடித்துக் கூலியை அழித்தால், வீட்டில் மூதேவி புகுந்தாள் என்பர். அப்பழியைப் புதிதாய் வந்த மருமகள் தலையில் ஏற்றுவாரும் உளர். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தாமையும் ஒன்று. அதனை ஏற்ற நாம் இவ்வாறு பேசலாமோ? குற்றமற்ற பெண்ணை வருத்துவது அறமாகுமோ?

மூதேவியை விடுத்து, மாரன் மயக்கினான் என்று சொல்லித் தப்புவோமாயின், பழைய தேவியின் இடத்தில் புதிய தேவனை அமர்த்தியவராவோம். மார சம்யுத்தக் கதைகளில் மாரன் பல வேடங்களில் வருகின்றான். பகவன் அவனுக்குப் பலியிடவுமில்லை, படைக்கலம் எடுக்கவுமில்லை. இவன் மாரன் என அறிகின்றார். அறியப்பட்டவுடன் அவன் வருந்தி மறைகின்றான்.

நமக்குரிய பாடம் இதுவே. சினம் எழுங்கால் இது சினம் என்றும், குடிவேட்கை எழுங்கால் இது வேட்கை என்றும் நம்முள்ளேயே கண்டறிவோமாக. அவ்வறிவே மாரனை வெல்லும் முதற்படியாகும்.