எந்த ரிவால்வர் உன் கைக்குக் குறி தப்பாது?

வட்டியூர்க்காவு,
திருவனந்தபுரம்.

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவிடமிருந்து முறைப்படி உன் பெயருக்கு மாறியிருக்கும் கான்பூர் .32, கடைக்காரர் எடுத்துக் காட்டிய நிர்பீக், இங்கே ரேஞ்சில் நீ பழகும் .22. இந்த மூன்றில் எது குறி தப்பாமல் சுடும் என்று கேட்டிருக்கிறாய். "மாமா, உங்களுக்கு எது?" என்றும் கேட்டாய். எனக்கு நீளக் குழல் .22 ரிவால்வர்தான். மற்ற எல்லாவற்றிலும் சேர்த்துச் சுட்டதைவிட அதில் அதிகம் சுட்டிருக்கிறேன். உதைப்பு கிடையாது, கை சலிக்காமல் நெடுநேரம் பழகலாம். அதனால் அது என் கைக்குப் படிந்துவிட்டது. உனக்கும் அதுவே சரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன் மக்கா. உன் கையை நீதான் அளந்து பார்க்க வேண்டும்.

முதலில் கொஞ்சம் கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையில் 15 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள். முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். அந்த இடைவெளி 10 சென்டிமீட்டராகக் குறைந்தால் அதே ஒரு மில்லிமீட்டர் 25 சென்டிமீட்டர் ஆகிவிடும். 25 மீட்டர் துல்லியச் சுடுதலில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 5 சென்டிமீட்டர்தான். குட்டைக் குழலும் நேராகத்தான் சுடும். ஆனால் கையில் ஏற்படும் சின்னப் பிழையையும் அது பெரிதாக்கிவிடும். இடுப்பில் மறைத்து வைக்க வசதியானது குறிப்பலகைக்கு வசதியாக இருக்காது.

நிர்பீக் விஷயத்தில் என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன். 2014-இல் கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை பெண்களை மனத்தில் வைத்து அதைக் கொண்டுவந்தது. டைட்டானியம் கலந்த உலோகம், எடை அரைக் கிலோ, அப்போதைய விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். தோட்டா உன் பழைய .32-க்கு உள்ளதேதான். தோட்டா அதேதான், துப்பாக்கி மட்டும் இலேசு என்றால் உதைப்பு கூடும். உதைப்புக்குப் பயந்த கை, குண்டு கிளம்புவதற்கு முன்பே தாழ்ந்துவிடும். கூடவே வைத்துக்கொண்டு நடப்பதற்கு அது இலேசு என்பது உண்மைதான். துல்லியத்துக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

உன் .32-ஐக் குறைவாக நினைக்காதே. உலகப் போட்டிகளில் சென்டர்ஃபயர் பிரிவில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் நம்பும் தோட்டா இந்த .32 வகைதான், அவர்கள் தட்டை மூக்குக் குண்டைப் போடுகிறார்கள், அவ்வளவே. ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்த சென்டர்ஃபயர் பிரிவில்தான்.

டிரிக்கர்தான் பாதி வேலை. சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டுச் சுட்டால் டிரிக்கர் இலேசாக விடுபடும். சுத்தியலையும் டிரிக்கரே இழுக்க வேண்டும் என்றால் நாலைந்து கிலோ பாரம் விரலில் விழும். அந்தப் பாரத்தில் விரலோடு சேர்ந்து மணிக்கட்டும் திரும்பும். குறி பார்த்துச் சுடும்போது சுத்தியலை நிறுத்தியே சுடு. பிடியையும் கவனி: குழல் முன்கையோடு ஒரே கோட்டில் இருக்க, ஆள்காட்டி விரலின் முதல் கணு இயல்பாக டிரிக்கரில் படிய வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் பிடியைத்தான் மாற்ற வேண்டும். கண் முன் சைட்டிலேயே நிற்கட்டும். குறிப்பலகை மங்கலாகத் தெரிந்தால் போதும். கை லேசாக ஆடத்தான் செய்யும். அது அடங்கும் நொடிக்குக் காத்திருந்து டிரிக்கரை வெடுக்கென்று இழுக்கிறவன்தான் குறியைக் கெடுக்கிறான்.

சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் மேஜைமேல் மணல்பையில் கையைத் தாங்கி ஐந்து குண்டு சுடு. துப்பாக்கியால் என்ன முடியும் என்பதை அது சொல்லும். பிறகு நின்று ஒற்றைக் கையால் ஐந்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க உன்னுடையது. ரிவால்வரில் இன்னொன்றும் உண்டு: சிலிண்டரின் ஒவ்வோர் அறையும் குழலோடு ஒரே மாதிரி பொருந்தும் என்று சொல்ல முடியாது. அறைகளை அடையாளமிட்டு, ஒவ்வோர் அறையும் எங்கே அடிக்கிறது என்று தனித்தனியாகக் குறித்து வை. ஒரே அறையின் குண்டு மட்டும் திரும்பத் திரும்ப விலகினால் உன்னை நொந்துகொள்ளாதே, ஆயுதப் பழுது பார்ப்பவரிடம் காட்டு. வீட்டில் வெறும் துப்பாக்கியால் டிரிக்கர் பழகலாம்; .22-இல் மட்டும் போலித் தோட்டா போடாமல் பழகாதே, ஊசியும் அறையின் விளிம்பும் கெடும்.

கருவியை நம்ப முடிய வேண்டும் என்பதற்கு மனு பாக்கர் சாட்சி. 2017 டிசம்பரில் நம் வட்டியூர்க்காவு ரேஞ்சில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப்பில் பதினைந்து வயதில் ஒன்பது தங்கம் எடுத்தவள் அவள். ஹீனா சித்துவின் 240.8 புள்ளிச் சாதனையை 242.3 புள்ளி எடுத்து முறியடித்ததும் இங்கேதான். அப்படிப்பட்டவளின் பிஸ்டல் 2021-இல் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, மணித்துளிகள் வீணாகி, இறுதிச் சுற்று கைநழுவியது. 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலத்தோடு திரும்பினாள். அந்த இடைவெளியில் அவள் உழைத்த உழைப்பை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் எஃகு வெகு விரைவில் துருப்பிடிக்கும். சுட்ட அன்றே குழலைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசு. தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதே. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், தோட்டாவின் பித்தளையிலும் பச்சை படரும். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். வீட்டில் உன் பிள்ளைகள் இருக்கிறார்கள், இதில் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

சட்டத்தையும் நினைவில் வை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது; உரிமம் ஐந்தாண்டுக்குச் செல்லும். கல்யாண வீட்டிலோ கோயில் கொடையிலோ மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறருக்கு ஆபத்து விளைவித்தால் சிறை வரை போகும். யார் கேட்டாலும் அதற்கு இணங்காதே.

ஆகவே நிர்பீக்குக்கு இப்போது விண்ணப்பம் போட வேண்டாம். கிளப் .22-இல் இந்த ஆண்டு முழுக்கப் பழகு, அதன்பின் .32-ஐ உரிமத் தாள்களோடு ரேஞ்சுக்கு எடுத்து வா. இரண்டிலும் சுட்ட குறித்தாள்களைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்திக்கொண்டு வா. நாம் இருவரும் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
மாமா