‘இன்று இல்லை’ என்று சொல்லும் கடை

அன்பு மருமகளுக்கு,



கிழக்குக் கடற்கரைச் சாலையில் ‘தோட்டத்திலிருந்து தட்டுக்கு’ என்று பலகை மாட்டிய உணவகத்தில் தோழிகளோடு சாப்பிட்ட படங்களை அனுப்பியிருந்தாய். ராமேஸ்வரம் பக்கம் அப்படி ஒரு கடை இருக்கிறதா, விடுமுறைக்குப் புதுமடம் வரும்போது கூட்டிப்போவீர்களா மாமா என்று கேட்டிருந்தாய். ஒரு கடைப் பெயரைச் சொன்னால் உன் கேள்விக்குப் பதில் ஆகிவிடும். ஆனால் நீ கேட்டரிங் படிக்கிற பிள்ளை. நாளைக்கு நீயே அடுப்பு மூட்டப் போகிறவள். அதனால், அப்படிப்பட்ட கடையை எப்படி எடைபோடுவது என்று எழுதுகிறேன்.

படங்களில் மெனு அட்டையும் இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை; அதில் வஞ்சிரம், இறால், நண்டு எல்லாம் அச்சாகியிருந்தன. நீ போனது மே மாதம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுகிற காலம் என்பதற்காக வைத்த தடை. 2017க்கு முன்பு 45 நாளாக இருந்தது. அந்த மாதங்களில் நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும்தான் கரையை ஒட்டிப் பிடிக்கிறார்கள். அப்படியிருக்க, வாரம் ஏழு நாளும் கேட்டவருக்கெல்லாம் வஞ்சிரத் துண்டு வருகிறது என்றால், அது மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்திருக்கும், அல்லது குளிர்பெட்டியில் மாதக்கணக்காகக் கிடந்திருக்கும். மீன் ருசியாகவே இருந்திருக்கலாம். ஆனால் பலகையில் எழுதியதற்கும் தட்டில் வந்ததற்கும் சம்பந்தம் இல்லை. இப்படிப்பட்ட கடைக்குள் போனதும் நீ முதலில் கேட்க வேண்டியது, “இன்றைக்கு என்ன இல்லை?” என்பதுதான். பக்கத்து நிலத்தையும் பக்கத்துக் கடலையும் நம்பி நடக்கிற கடையில் தினமும் ஏதாவது ஒன்று இல்லாமல்தான் இருக்கும்.

நம் ஊரில் அதைத் தீர்மானிப்பது காற்று. புதுமடத்துக்கு முன்னால் கிடப்பது தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. உச்சிப்புளியைத் தாண்டி வடக்கே போனால் பாக் விரிகுடா, வடகடல். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் அடங்கிக் கிடக்கும். சித்திரை, வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று தென்கடலைக் கலக்கிவிடும். அப்போது தொழில் வடகடல் பக்கம் நகரும். இரண்டு கடலுக்கு நடுவே இப்படி நீளமாக ஒரு நிலம் கிடப்பதால், எந்த மாதத்தில் எந்தக் கரையில் மீன் ஏறும் என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் கடை நடத்துகிறவருக்கு அது தெரியவில்லை என்றால், அவர் மீனை வேறெங்கோ வாங்குகிறார் என்று அர்த்தம்.

கரைக்கு வந்து பார். செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கிறதா, கண் பிதுங்கித் தெளிவாக இருக்கிறதா, விரலால் அழுத்திய குழி உடனே மேலெழுகிறதா என்பதெல்லாம் உன் பாடப்புத்தகத்திலும் இருக்கும். நான் உனக்குக் காட்ட விரும்புவது கணவாயை. இப்போதுதான் கரையேறிய கணவாயின் தோலை மெல்லத் தொட்டுப் பார். உயிர் போன பிறகும் கொஞ்ச நேரம் அதன் புள்ளிகள் சுருங்கி விரிந்து, பழுப்பு வெளுப்பாகி, திரும்பவும் பழுப்பாகும். ஐஸில் கிடந்து வந்ததில் அந்த ஓட்டம் இருக்காது. சமையல்காரர் ஒருமுறை இதைக் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு கணவாயை மசாலாவில் மூழ்கடிக்க அவருக்கு மனசு வராது.

அடுத்தது பணம். படங்களில் வராத சங்கதி இது. வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய மீனவர், பிடித்ததை அந்த வியாபாரியிடமே அவர் சொல்கிற விலைக்குப் போட வேண்டியிருக்கிறது. நண்டு, கணவாய், பெரிய இறால் எல்லாம் ஏற்றுமதி கம்பெனிகளுக்குப் போய்விடும். ஊரில் மிஞ்சுவது சூடை, காரல், ஓரா, நெத்திலி. ஆகவே, “மீன் எங்கிருந்து வருகிறது?” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதே. “யாரிடம் வாங்குகிறீர்கள்? கரையில் ஏலத்திலா, நேராகப் படகுக்காரரிடமா?” என்றும் கேள். நேராக வாங்குகிற கடையில் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தால் முகம் சுளிக்காமல் கொடு. முள் அதிகம் என்று சூடையையும் காரலையும் ஒதுக்காதே. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் காரல் ஆணம் வைத்துக் கொடுக்கிற ஊர் இது; உன் உம்மாவும் அதைச் சாப்பிட்டவள்தான். சின்ன மீனையும் விருந்தாளிக்குப் பெருமையாகப் பரிமாறுகிற கடையைத்தான் நான் நம்புவேன்.

இனி நிலத்துக்கு வருவோம். ராமநாதபுரம் வறண்ட மாவட்டம், அங்கே என்ன விளையும் என்று சென்னையில் கேட்பார்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்து, தையில் அறுக்கிறோம். பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு போகம்தான். வறட்சி தாங்கும் சித்திரைக்கார் என்ற சிவப்பு நெல் இந்த மண்ணில் தலைமுறைகளாக இருக்கிறது. புதுசாக அறுத்த அரிசி குழையும், கஞ்சிக்கும் பொங்கலுக்கும் நல்லது. சோறு உதிரியாக வேண்டுமென்றால் சில மாதம் பழக வேண்டும். முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கம் விளைகிற முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தடித்த தோலோடு, அடர் சிவப்பில் மினுங்கும். புளியாணத்துக்கு அதைக் கிள்ளிப் போட்டால் நிறமும் மணமும் தனி. இந்த மிளகாய் இல்லாமல் ‘ராமநாதபுரம் சமையல்’ என்று போட்டுக்கொள்ளும் கடை எதற்கு?

பனை பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் முடியாது. பதநீரும் நுங்கும் கோடையில். பனங்கிழங்கு மார்கழி, தையில். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கிய பதநீரை வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும். அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டிக்குப் பெயர் உண்டு. சீனி கலந்ததும் அதே பெயரில் விற்கிறது. உடைத்துப் பார்த்து, உள்ளே சீனிக்கல் போல மினுமினுத்தால் வாங்காதே.

பக்கத்தில் கிடைப்பதை வைத்தே சமைக்கும் இந்த யோசனை ஒன்றும் புதுசில்லை என்றாலும், அதை உணவகமாக உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஆலிஸ் வாட்டர்ஸ். 1971இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் அவர் தொடங்கிய ‘ஷே பனீஸ்’ உணவகத்தில் அன்றன்றைக்கு ஒரே சாப்பாடுதான். சந்தையில் நல்லதாகக் கிடைத்தது எதுவோ அது. பிறகு எல்லோரும் ‘தோட்டத்திலிருந்து தட்டுக்கு’ என்று பலகை மாட்டினார்கள். 2016இல் ஃபுளோரிடாவில் ‘தம்பா பே டைம்ஸ்’ பத்திரிகையின் லாரா ரைலி, அப்படிப் பலகை மாட்டிய உணவகங்கள் சொன்ன பண்ணைகளை ஒவ்வொன்றாக அழைத்து விசாரித்தார். மீனை மரபணுச் சோதனைக்கும் அனுப்பினார். பல கடைகள் சொன்னது பொய் என்று தெரிந்தது. அவர் செய்தது, நான் உன்னைக் கேட்கச் சொல்லும் அதே கேள்விகளைக் கேட்டதுதான்.

எனக்கு அதைவிடப் பிடித்த உதாரணம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கையின் வடமாகாண விவசாயத் திணைக்களம் நடத்தும் ‘அம்மாச்சி’ உணவகங்களில் உள்ளூர்ப் பெண்கள்தான் சமைக்கிறார்கள், அவர்களே விற்கிறார்கள். குரக்கன் என்று அங்கே சொல்லும் கேழ்வரகு, உளுந்து, உள்ளூர் அரிசி, கீரை. விலையும் சாதாரண மக்களுக்குக் கட்டுப்படியாகும். மண் வாசனையை மூங்கில் தட்டில் வைத்துப் பணக்காரருக்கு மட்டும் விற்காமல், பஸ்ஸுக்கு நிற்கிறவரும் சாப்பிடுகிற மாதிரி அதைச் செய்யலாம் என்பதற்கு அது சாட்சி. நீ கடை போட்டால் ‘அம்மாச்சி’யைப் போய்ப் பார்த்துவிட்டுப் போடு.

நீ தையில் வா. அப்போது நெல் அறுவடை நடக்கும், தென்கடல் அடங்கியிருக்கும், பனங்கிழங்கும் கிடைக்கும். மே மாதம்தான் லீவு என்றால் அதிலும் குறைவில்லை. கருவாட்டு ஆணம், நுங்கு, நாட்டுப்படகில் வந்தது எதுவோ அது. வஞ்சிரம் மட்டும் கேட்காதே. மீன் சாப்பிடாத தோழி யாராவது வந்தால் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடு. முருங்கைக்கீரையும் முண்டு மிளகாய்த் துவையலும் செய்து வைக்க மாமியிடம் சொல்ல வேண்டும். கரைக்குப் போக விடியற்காலையிலேயே எழுப்புவேன், அதையும் தோழிகளிடம் சொல்லி வை.

துஆவுடன்,
உன் மாமா