நரைமுடிக்கு நிறம் உண்டா?



அண்மையில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் அறிவியல் மன்றத்தில் ஒளியைப் பற்றிப் பேசச் சென்றிருந்தேன். பேச்சு முடிந்ததும், "ஐயம் இருந்தால் கேளுங்கள்" என்றேன். ஒளியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "மேடம், உங்கள் முடி மேலே வெள்ளையாகவும் கீழே கறுப்பாகவும் இருக்கிறதே, அது எப்படி?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவனுடைய ஆசிரியை அவனை அதட்டினார். நான் அவரைத் தடுத்தேன். அது நல்ல கேள்வி. ஒளியைப் பற்றிய கேள்வியும்கூட.

நான் ஆறு ஆண்டுகள் தலைக்குச் சாயம் பூசி வந்தேன். ஒரு முறை பூசிய மறுநாள் தலை அரிப்பெடுத்து, கண்ணிமைகள் வீங்கிவிட்டன. "இனிப் பூசாதீர்கள்" என்றார் தோல் மருத்துவர். அன்றோடு நிறுத்தி 14 மாதங்கள் ஆகின்றன. மேலே இருப்பது என் இயல்பான முடி. கீழே பின்னலின் நுனிவரை இருப்பது பழைய சாயம். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்காதவர்கள் குறைவு. உடம்புக்கு ஒன்றுமில்லை. முடிக்குத்தான் ஏதோ நேர்ந்திருக்கிறது. அது என்ன என்று பார்ப்போம்.

முடியின் அமைப்பு

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒரு முடியின் தடிப்பு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதன் வெளியுறை, கூரையில் ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய செதில்களால் ஆனது. அதற்குள் கெரட்டின் என்னும் புரத இழைகளால் ஆன புறணி இருக்கிறது. தடித்த முடிகளில் நடுவே காற்றிடைவெளிகள் கொண்ட தண்டுப் பகுதியும் உண்டு. தோலுக்கு வெளியே உள்ள முடியில் உயிர் இல்லை. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் உள்ள மயிர்க்கால் மட்டுமே.

முடி வளரும்போது, மயிர்க்காலில் உள்ள நிறமி உயிரணுக்கள் மெலனின் என்னும் நிறமியை நுண்ணிய மணிகளாகச் செய்து புறணிக்குள் செலுத்துகின்றன. இந்த மணிகள் நிறைய இருந்தால் முடி கறுப்பு. அவை வராமல் நின்றுவிட்டால் நரை. ஆக, நரைமுடியில் வெள்ளை நிறம் என்று எதுவும் சேர்வதில்லை. உள்ளே இருந்த கறுப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

நிறமில்லாதது வெள்ளையாகத் தெரிவது ஏன்?

கற்கண்டுக் கட்டி ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒளி அதன் ஊடே செல்கிறது. அதையே அம்மியில் வைத்துப் பொடி செய்யுங்கள். வெண்மையான தூள் கிடைக்கும். பொருள் ஒன்றே. ஆனால் பொடியில் ஆயிரக்கணக்கான புதிய பரப்புகள் தோன்றிவிட்டன. ஒளி ஒரு பரப்பைக் கடக்கும்போதெல்லாம் அதில் ஒரு பங்கு எதிரொளிக்கிறது. எஞ்சியது விலகிச் செல்கிறது. இப்படிப் பலமுறை திசை மாறி ஒளி எல்லாப் பக்கங்களிலும் சிதறுகிறது. எந்த நிறமும் உட்கவரப்படாததால், வெள்ளொளி வெள்ளொளியாகவே நம் கண்ணை வந்தடைகிறது. அலையின் நுரையும் மேகமும் வெள்ளையாகத் தெரிவது இதனால்தான். துருவக் கரடியின் உரோமத்திலும் நிறமி இல்லை.

நரைமுடியும் அப்படித்தான். முடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.55. இதன்படி, நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு மேற்பரப்பிலேயே எதிரொளிக்கும். எஞ்சியது உள்ளே புகுந்து, இழைகளிலும் காற்றிடைவெளிகளிலும் பட்டுச் சிதறி வெளியே வருகிறது. கறுப்பு முடியில் உள்ளே புகுந்த ஒளியைப் பெரும்பாலும் மெலனின் உட்கவர்ந்துவிடுகிறது. ஆனால் மேற்பரப்பில் எதிரொளித்த பங்கு மெலனினைச் சந்திப்பதே இல்லை. எண்ணெய் தடவி வாரிய கருங்கூந்தலிலும் பளபளப்பு வெண்மையாகத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் இதுவே.

சிலர் தலை சாம்பல் நிறமாகத் தெரிகிறதே எனலாம். செய்தித்தாளில் வரும் கறுப்பு வெள்ளைப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சாம்பல் நிறம் மறைந்து, கறுப்புப் புள்ளிகளும் வெள்ளைக் காகிதமும் தெரியும். தலையிலும் பெரும்பாலும் கறுப்பு முடியும் வெள்ளை முடியும் கலந்திருப்பதையே தொலைவிலிருந்து சாம்பல் என்று காண்கிறோம்.

நரைப்பது ஏன்?

ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, பிறகு உதிர்கிறது. அதே மயிர்க்காலில் புதிய முடி தோன்றும்போது புதிய நிறமி உயிரணுக்களும் தேவை. இவற்றைத் தருபவை மயிர்க்காலில் உள்ள தண்டணுக்கள். வயது ஏற ஏற இத்தண்டணுக்கள் குறைந்துபோவதால் நரை தோன்றுகிறது என்பதை எமி நிஷிமுரா முதலிய ஆய்வாளர்கள் 2005இல் விளக்கினர். நரைமுடியில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்து நிறமி உண்டாவதைத் தடுக்கிறது என்று இங்கிலாந்து, ஜெர்மனி ஆய்வாளர்கள் 2009இல் கண்டனர். எந்த வயதில் நரைக்கும் என்பதில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு. 2016இல் இலத்தீன் அமெரிக்காவில் 6000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், நரையோடு தொடர்புடைய ஐஆர்எஃப்4 என்னும் மரபணு அடையாளம் காணப்பட்டது.

கவலைக்குப் பங்கில்லையா? ஆண்டுகள் பலவாகியும் நரைக்காததற்கு, நல்ல குடும்பமும் நல்ல அரசனும் சான்றோர் நிறைந்த ஊருமே காரணம் என்று சங்கப் புலவர் பிசிராந்தையார் கூறியதைத் தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். கடும் அழுத்தத்துக்கு உள்ளான எலிகளில் நரம்புகளின் தூண்டுதலால் அத்தண்டணுக்கள் விரைவில் தீர்ந்துபோவதை 2020இல் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கண்டனர். எனவே புலவரின் சொல்லை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஓரிரவில் தலை முழுதும் நரைத்தது என்பது கதையே. வெளியே வந்துவிட்ட முடியில் உள்ள மெலனின் கவலையால் கரைந்து போகாது. ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பதும் தவறு. ஒரு மயிர்க்காலில் செய்வது அடுத்த மயிர்க்காலைத் தொடுவதில்லை.

சாயம் செய்யும் வேலை

பிரான்சைச் சேர்ந்த வேதியியலார் யூஜின் ஷுவெல்லர் 1907இல் செயற்கை முடிச்சாயம் ஒன்றைத் தயாரித்தார். இன்றைய நிலைத்த சாயங்கள் பலவற்றில் பாரா-ஃபெனிலின்டைஅமீன் அல்லது அதைப் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. இதன் மூலக்கூறு சிறியது, நிறமற்றது. அம்மோனியா போன்ற காரப்பொருள் முடியை உப்பச் செய்து செதில்களைத் திறக்கிறது. சிறிய மூலக்கூறுகள் உள்ளே நுழைகின்றன. உடன் சேர்க்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்ய, அவை ஒன்றோடொன்று இணைந்து நிறமுள்ள பெரிய மூலக்கூறுகள் ஆகின்றன. உள்ளே வந்த வழியாக இனி அவை வெளியேற முடியாது. ஆகவேதான் குளித்தாலும் போவதில்லை.

அந்தச் சிறிய மூலக்கூறே சிலருடைய தோலில் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. எனக்கு நேர்ந்தது அதுதான். இதனால்தான் பூசுவதற்கு 48 மணி நேரம் முன்னதாகத் தோலில் சிறிது தடவிப் பார்க்குமாறு சாயப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். நான் அதைப் படித்ததே இல்லை. தூய மருதாணி வெள்ளை முடியைச் செம்மையாக்குமே தவிரக் கறுப்பாக்காது. "கறுப்பு மருதாணி" என்று விற்கப்படும் பொடிகள் பலவற்றில் இதே வேதிப்பொருள் கலந்திருக்கிறது.

முடியை அளந்தோம்

சாயம் வெளியே உள்ள உயிரற்ற முடிக்கு மட்டுமே. மயிர்க்கால் தன்போக்கில் வெள்ளை முடியையே வளர்த்துக்கொண்டிருக்கும். ஆகவே அந்தச் சிறுவனை அழைத்து அளவுகோலைக் கையில் கொடுத்தேன். வெள்ளைப் பகுதியின் நீளம் 16.8 செ.மீ. என்று அளந்தான். 14 மாதங்களில் 16.8 செ.மீ. என்றால் மாதத்துக்கு 1.2 செ.மீ.; நாளுக்கு 0.4 மி.மீ. இதை 86,400 வினாடிகளால் வகுத்தால், வினாடிக்கு ஏறத்தாழ 4.6 நானோமீட்டர். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு வினாடியும் பல அணுக்களின் அகலத்துக்கு முடி வளர்ந்துகொண்டிருக்கிறது!

என் பின்னல் 48 செ.மீ. நீளம். வெட்டாமல் விட்டால், வெள்ளைப் பகுதி மட்டும் 48 செ.மீ. ஆக, சாயத்தை நிறுத்தியதிலிருந்து 40 மாதங்கள் வேண்டும். சாயத்தைத் தொடர்ந்திருந்தால், மாதம் ஒரு முறை வீதம் 20 ஆண்டுகளில் 240 முறை பூசியிருப்பேன். சாயம் பூசுவது குற்றமன்று. சோதித்துப் பார்த்துப் பூசுவது அவரவர் விருப்பம். ஆனால் பூசாமல் இருப்பதும் சோம்பலோ நோயோ அன்று.

கடைசி வரிசை மாணவி

கூட்டம் கலைந்த பின் ஒரு மாணவி தயங்கி நின்றாள். "மேடம், எனக்குப் பதினைந்து வயதுதான். முன்நெற்றியில் நரைத்துவிட்டது. எல்லோரும் 'பாட்டி' என்று கூப்பிடுகிறார்கள். தினமும் கண் மையைத் தடவி மறைக்கிறேன். வியர்த்தால் வழிந்துவிடுகிறது" என்றாள்.

"வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா அம்மா?" என்று கேட்டேன். தன் தந்தைக்கு இருபது வயதிலேயே நரைத்ததாம். பெரும்பாலும் இது பரம்பரையே. ஆயினும் பி12 வைட்டமின் குறைவு, தைராய்டுக் கோளாறு ஆகியவற்றாலும் இளநரை வரலாம். எனவே ஒரு முறை மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன். குறை இருந்தால் சிகிச்சை உண்டு. இல்லாவிட்டால் மறைப்பதா, அப்படியே விடுவதா என்பது அவள் முடிவு செய்ய வேண்டியது.

பின் இருவரும் பள்ளி ஆய்வகத்துக்குச் சென்று, அவளுடைய கறுப்பு முடி ஒன்றையும் வெள்ளை முடி ஒன்றையும் நுண்ணோக்கியில் வைத்தோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "உள்ளே இருக்கிற கறுப்பு மட்டும்தான் இல்லை மேடம். மற்றபடி ஒரே முடிதான்" என்றாள்.

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். பட்டப்பெயர் வைக்கும் முன் அந்த நுண்ணோக்கியை நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

1. வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அந்த இடம் ஒளி ஊடுருவுவதாக ஆவது ஏன்? (குறிப்பு: இழைகளுக்கு இடையே இருந்த காற்றின் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?)

2. வீட்டுப் பெரியவர் ஒருவரின் உதிர்ந்த வெள்ளை முடியைக் கறுப்புத் துணியின் மேலும், பிறகு வெள்ளைத் துணியின் மேலும் வைத்துப் பாருங்கள். எதில் நன்றாகத் தெரிகிறது? ஏன்?

3. ஒருவர் தம் 6 செ.மீ. நீளமுள்ள முடிக்குச் சாயம் பூசுவதை நிறுத்துகிறார். மாதத்துக்கு 1.2 செ.மீ. வளர்ந்தால், வெட்டாமலே சாயமற்ற பகுதி 6 செ.மீ. ஆக எத்தனை மாதங்கள் ஆகும்?