வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் கைத்தொலைபேசிச் சமிக்ஞை: குறையை அறிதலும் நீக்குதலும்

எமது சபையின் எல்லைக்குள் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் சில நகரை விட்டு விலகி, பண்ணைக் காணிகளிலும் மலையடிவாரங்களிலும் குடியிருக்கின்றன. வேறு சிலர் தகரத்தால் அமைந்த பட்டறைகளிலும் பொதியிடும் கூடங்களிலும் நாள் முழுவதும் பணிபுரிகின்றனர். இவ்விடங்களில் கைத்தொலைபேசியின் சமிக்ஞை, அதாவது பேச்சுவழக்கில் நாம் சிக்னல் என்று சொல்வது, அடிக்கடி குன்றிவிடுகிறது. ஊரிலுள்ள உறவினரின் அழைப்பு இடையில் அறுந்துபோவது சிறு தொல்லை. மூச்சுத் திணறும் முதியவருக்காக 000 என்ற இலக்கத்தை அழைக்கும்போது இணைப்புக் கிடைக்காமற் போவது உயிராபத்து. ஆகவே, இக்குறை எதனால் உண்டாகிறது, அதனை எவ்வாறு அளப்பது, சட்டத்துக்கு உட்பட்டு எவ்வாறு நீக்குவது என்பவற்றை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

1. சமிக்ஞை ஏன் குன்றுகிறது?

கைத்தொலைபேசி ஒரு சிறிய வானொலிக் கருவியே. அது கோபுரத்தின் அலைகளைப் பெறவும், தன் அலைகளைக் கோபுரத்துக்கு அனுப்பவும் வேண்டும். இவ்விரு வழிப் பயணத்துக்கும் இரண்டு வகையான தடைகள் உள்ளன.

முதலாவது, தூரமும் நிலவமைப்பும். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் சமிக்ஞையின் வலு நான்கில் ஒரு பங்காகிறது. இடையில் ஒரு குன்று இருந்தால் இழப்பு இன்னும் பெரிது. அடர்ந்த மரங்களும், சிறப்பாக மழையில் நனைந்த இலைகளும், அலைகளை உறிஞ்சுகின்றன. 700 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் செல்லும். சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். 3500 மெகாஹேர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகள் வேகமான 5ஜி சேவையைத் தருவன. ஆயினும் அவை குறுகிய தூரமே செல்லும்.

இரண்டாவது, கட்டடம். உலோகம் வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும். இந்நாட்டில் பெருவழக்கிலுள்ள கலர்பொண்ட் போன்ற உருக்குத் தகடுகள் அரை மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாதவை. எனினும், அலைகளைத் தடுக்க அந்த மென்மையே போதுமானது. தகட்டின் தடிப்பைக் குறைப்பதால் பயன் ஏதும் விளையாது. கூரையின் அடியில் வெப்பக் காப்புக்காக விரிக்கப்படும் அலுமினியத் தாளும், வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு இடப்பட்ட யன்னற் கண்ணாடியும் இதே வேலையைச் செய்கின்றன. எனவே செங்கல் வீடுகளிலும் இக்குறை தோன்றலாம். முழுத் தகரக் கொட்டகையில், அலைகள் பெரும்பாலும் யன்னல், கதவு, ஒளி புகும் கூரைத் தகடு ஆகியவற்றின் வழியாகவே உள்ளே வருகின்றன.

2. முதலில் அளந்து பாருங்கள்

திரையில் தோன்றும் கோடுகளை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மூன்று கோடுகள் என்பதன் பொருள் ஒவ்வொரு தொலைபேசியிலும் வேறுபடும். டிபிஎம் என்னும் அலகிலுள்ள எண்ணைப் பார்ப்பதே சரியான வழி. பெரும்பாலான அண்ட்ரொய்ட் தொலைபேசிகளில் அமைப்புகள் பகுதியில், தொலைபேசி பற்றிய விவரங்களில், சிம் நிலை என்ற இடத்தில் இவ்வெண் காணப்படும். ஐஃபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தால், அளவீடுகளைக் காட்டும் திரை திறக்கும்.

இவ்வெண் எப்போதும் கழித்தற் குறியுடன் வரும். பூச்சியத்துக்கு நெருங்க நெருங்கச் சமிக்ஞை வலுவானது. 4ஜி சேவையில் −90க்கு மேற்பட்டிருப்பின் நன்று. −100 அளவில் பேசலாம். −110க்குக் கீழே சென்றால் அழைப்பு தடுமாறும். −120 அளவில் இணைப்பே அறுந்துவிடக்கூடும். எண்ணில் 3 வேறுபாடு என்பது வலுவில் இரு மடங்கு. 10 வேறுபாடு பத்து மடங்கு. 20 வேறுபாடு நூறு மடங்கு.

இப்போது ஒரு தாளை எடுத்து, வெளி முற்றம், வரவேற்பறை, படுக்கையறை, கொட்டகையின் நடுப்பகுதி, அதன் வாசல் என ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையிலும் மாலையிலும் இருமுறை அளப்பது நல்லது.

எடுத்துக்காட்டாக, வெளியே −95 என்றும் கொட்டகையின் உள்ளே −118 என்றும் வந்தால், வேறுபாடு 23. அதாவது, சுவரும் கூரையும் சமிக்ஞையை ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்காகக் குறைத்துள்ளன. இங்கே குறை கட்டடத்தினுடையது. மாறாக, வெளியே −117, உள்ளே −120 என்று வந்தால், கட்டடத்தைக் குறை கூறிப் பயனில்லை. கோபுரம் தொலைவில் உள்ளது, அல்லது குன்று மறைக்கிறது. இவ்விரு நோய்க்கும் மருந்து வேறு வேறு. இதனை அறியாமல் கருவி வாங்குவோரே பெரும்பாலும் பணத்தை வீணாக்குகின்றனர்.

3. செலவின்றியும் சிறு செலவிலும் செய்யக்கூடியவை

அ) இடத்தை மாற்றுங்கள். கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய யன்னலருகே, இயன்றால் மேல்மாடியில், தொலைபேசியை வையுங்கள். உலோக அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் அருகே வைக்க வேண்டாம்.

ஆ) வேறு வலையமைப்பைச் சோதியுங்கள். அயலவரிடம் விசாரித்து, மற்றொரு நிறுவனத்தின் முற்பணச் சிம் அட்டை ஒன்றை வாங்கி அதே இடங்களில் அளந்து பாருங்கள். டெல்ஸ்ட்ரா, ஒப்டஸ், வொடஃபோன் ஆகிய மூன்றும் தத்தம் வலையமைப்புகளை நடத்துகின்றன. 2025 ஜனவரி முதல் கிராமப்புறங்களில் வொடஃபோன் வாடிக்கையாளர்கள் ஒப்டஸின் வலையமைப்பையும் பயன்படுத்துகின்றனர். மலிவு விலையில் சேவை தரும் ஏனைய நிறுவனங்கள் இவற்றின் கோபுரங்களையே வாடகைக்குப் பெறுகின்றன. ஆனால் அவற்றுட் சிலவற்றுக்கு முழு வலையமைப்பும் கிடைப்பதில்லை. இதனை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

இ) சேவைப் பரப்பு வரைபடத்தைக் கவனமாகப் படியுங்கள். சில வரைபடங்களில், வெளி அன்டெனா பொருத்தினால் மட்டுமே சேவை கிடைக்கும் பகுதி தனி நிறத்தில் காட்டப்படும். அப்பகுதியில் தொலைபேசியைக் கையில் வைத்துப் பேச இயலும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஈ) தொலைபேசியைச் சரிபாருங்கள். 3ஜி சேவையை வொடஃபோன் 2024 ஜனவரியில் நிறுத்தியது. டெல்ஸ்ட்ராவும் ஒப்டஸும் 2024 ஒக்டோபர் 28 முதல் நிறுத்தின. இப்போது குரல் அழைப்பும் 4ஜி வழியாகவே செல்ல வேண்டும். இலங்கையிலோ இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ வாங்கி வந்த தொலைபேசி, இங்கே இணையத்துக்கு இயங்கினாலும், 4ஜி வழியாக 000ஐ அழைக்கும் திறனற்றதாக இருக்கலாம். அத்தகைய தொலைபேசிகளுக்குச் சேவை வழங்கக் கூடாது என நிறுவனங்களுக்கு விதிக்கப்பட்டுள்ளது. உறவினர் கொடுத்த பழைய தொலைபேசியைப் பெற்றோரிடம் கொடுக்குமுன், சேவை நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

4. வைஃபை அழைப்பு

வீட்டில் நிலையான இணைய இணைப்பு இருந்தால், வைஃபை அழைப்பே மிக எளிய தீர்வு. பெரிய நிறுவனங்கள் மூன்றும் இதனை வழங்குகின்றன. தொலைபேசியின் அமைப்புகளில் வைஃபை அழைப்பு என்பதை இயக்கிவிட்டால், கோபுரத்தின் சமிக்ஞை குன்றும்போது சாதாரண அழைப்புகள் இணையம் வழியாகச் செல்லும். உங்கள் இலக்கம் மாறாது; தனிச் செயலியும் தேவையில்லை. தகரக் கொட்டகைக்கு, வீட்டிலிருந்து ஒரு வலைக் கம்பியை இழுத்து, கொட்டகையின் உள்ளே ஒரு வைஃபைப் பரப்பியை வைத்தாற் போதும்.

தொலைதூரக் காணிகளுக்கு என்பிஎன் நிறுவனத்தின் ஸ்கை மஸ்டர் செய்மதிச் சேவை உண்டு. அச்செய்மதிகள் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருப்பதால், பேசும் சொல் மறுமுனையைச் சேரச் சற்றுத் தாமதமாகும். ஒருவர் பேசி முடித்ததும் சிறிது பொறுத்து மற்றவர் பேசினால் இடர் நேராது.

5. வெளி அன்டெனாவும் மறுபரப்பியும்

கட்டடமே தடை என்று அளவீட்டிற் கண்டவர்களுக்கு மறுபரப்பி என்னும் கருவி ஏற்றது. கூரைமேல் ஓர் அன்டெனா, உள்ளே ஒரு பெருக்கி, அதனுடன் உட்புற அன்டெனா என்பன இதன் உறுப்புகள். வெளியிலுள்ள சமிக்ஞையைப் பெற்று, பெருக்கி, உள்ளே பரப்புவதே இதன் பணி. வெளியே ஒன்றுமில்லையெனில் பெருக்குவதற்கும் ஒன்றுமில்லை. ஆகவே, கூரையின் உயரத்திலாவது ஓரளவு சமிக்ஞை இருப்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

கோவில் திருவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் முன் பிடித்தால் அது வீரிடுவதைக் கேட்டிருப்பீர்கள். இரு அன்டெனாக்களும் ஒன்றையொன்று உணர்ந்தால் மறுபரப்பியிலும் அதுவே நிகழும். கருவி தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகையால் அவற்றுக்கிடையே இயன்ற அளவு இடைவெளி வேண்டும். இங்கே தகரக் கூரை நமக்கு உதவுகிறது: சமிக்ஞையைத் தடுத்த அதே உலோகம், இரு அன்டெனாக்களையும் பிரித்துவைக்கும் திரையாகிறது.

கோபுரம் தொலைவில் இருப்பின், ஒரு திசையை மட்டும் நோக்கும் யாகி வகை அன்டெனா சிறந்தது. பல திசைகளில் கோபுரங்கள் இருப்பின் எல்லாத் திசையிலும் பெறும் வகையைத் தெரிவுசெய்யலாம். இணைப்புக் கம்பியிலும் கவனம் தேவை. மெல்லிய கம்பி 10 மீற்றர் ஓடினால், பெற்ற சமிக்ஞையில் பாதிக்கு மேல் அதிலேயே அழிந்துவிடலாம். தடித்த, இழப்புக் குறைந்த கம்பியை இயன்ற அளவு குறுகலாக இடுங்கள்.

6. சட்டம் சொல்வது

இணையச் சந்தைகளில் மலிவாக விற்கப்படும் சிக்னல் பூஸ்டர்களை வாங்க வேண்டாம். 1992ஆம் ஆண்டின் வானொலித்தொடர்புச் சட்டத்தின்படி, அந்த அலைவரிசைக்கு உரிமம் பெற்ற நிறுவனத்தின் அனுமதியின்றி இத்தகைய கருவியை இயக்குவது குற்றமாகும். அபராதமும் சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். காரணம் தெளிவானது: தரமற்ற பெருக்கி ஒன்று கோபுரத்தையே குழப்பி, அயலிலுள்ள எல்லோருடைய அழைப்புகளையும், அவசர அழைப்பு உட்பட, கெடுத்துவிடும். செல்ஃபை போன்ற, நிறுவனங்கள் அனுமதித்த மறுபரப்பிகளை மட்டுமே பயன்படுத்துங்கள். விலை ஆயிரம் டொலரையும் தாண்டக்கூடும். வாங்குமுன் அது உங்கள் வலையமைப்புக்கு உரியதா என்று கேளுங்கள். வாடகை வீடாயின், கூரையில் எதையும் பொருத்துமுன் உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலைப் பெறுங்கள். உயர்ந்த கம்பம் நாட்ட எண்ணினால், சபையின் திட்டமிடற் பிரிவிடம் முன்கூட்டியே அனுமதி பற்றிக் கேளுங்கள். கூரையில் ஏறும் வேலையைத் தகுதியுடைய நிறுவுநரிடம் விடுங்கள்.

7. மின்தடையும் அவசர வேளையும்

வைஃபை அழைப்பும் மறுபரப்பியும் மின்சாரத்தில் இயங்குவன. மின்சாரம் நின்றால் அவையும் நிற்கும். கோபுரங்களின் மின்கலங்களும் நெடுநேரம் தாங்கா. 2019–2020 காட்டுத்தீக் காலத்தில் தொலைபேசிச் சேவை தடைப்பட்ட இடங்களிற் பெரும்பாலானவற்றில், தீ கோபுரத்தைத் தீண்டவில்லை; மின்சாரம் நின்றதே காரணம். ஆகவே பின்வருவனவற்றை இன்றே செய்துவையுங்கள்.

• இணையக் கருவிக்கும் மறுபரப்பிக்கும் ஒரு காப்பு மின்கலம் வைத்திருங்கள்.

• செப்புக் கம்பிவழித் தொலைபேசி இன்னும் இயங்கும் காணிகளில், அவசரப்பட்டு அதனைத் துண்டிக்க வேண்டாம். மின்செருகி தேவையற்ற பழைய வகைத் தொலைபேசி, வீட்டில் மின்சாரம் இல்லாத வேளையிலும் அதில் இயங்கக்கூடியது.

• மின்கலத்தில் இயங்கும் வானொலி ஒன்றை வைத்து, ஏபிசி உள்ளூர் வானொலியின் அலைவரிசையை எழுதி ஒட்டுங்கள்.

• உங்கள் நிறுவனத்தின் சமிக்ஞை இல்லாவிடினும், வேறு நிறுவனத்தின் சமிக்ஞை இருந்தால் 000 அழைப்பு அதன் வழியாகச் செல்லும். எந்த வலையமைப்பும் இல்லாத இடத்தில் அதுவும் செல்லாது. சமிக்ஞை கிடைக்கும் மிக அருகிலுள்ள இடம் எது என்பதைப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

• வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றின் வழியாக 000ஐ அழைக்க இயலாது. தொலைபேசியின் சாதாரண அழைப்புப் பகுதியையே பயன்படுத்த வேண்டும். இதனை வீட்டு முதியோருக்குச் செய்துகாட்டுங்கள்.

• வைஃபை வழியாக அழைக்கும்போது உங்கள் இருப்பிடம் தானாகத் தெரியாமற் போகலாம். காணி இலக்கம், வீதி, அருகிலுள்ள சந்தி ஆகியவற்றைத் தாளில் எழுதித் தொலைபேசியின் அருகே வையுங்கள்.

• ஆங்கிலம் பேசத் தயக்கமெனில், முதலில் பொலிஸ், ஃபயர், அம்புலன்ஸ் என்பவற்றுள் வேண்டியதைச் சொல்லுங்கள். இணைப்புக் கிடைத்ததும் தமிழ் என்று சொல்லிக் காத்திருங்கள்; உரைபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

8. யாரிடம் கேட்பது?

முதலில் உங்கள் சேவை நிறுவனத்திடம், நீங்கள் குறித்த அளவீடுகளுடன் முறையிடுங்கள். வீட்டில் சேவை கிடைக்கும் என்று சொல்லி விற்றிருந்து, அது கிடைக்கவில்லையாயின், அபராதமின்றி ஒப்பந்தத்திலிருந்து விலகக் கோரலாம். அங்கே தீர்வு கிட்டாவிடின், தொலைத்தொடர்புக் குறைகேள் அதிகாரியின் அலுவலகத்தை 1800 062 058 என்ற இலக்கத்தில் அணுகுங்கள், கட்டணம் இல்லை. புதிய கோபுரம் கட்டுமாறு அவ்வலுவலகம் கட்டளையிட இயலாது. ஆயினும் ஒப்பந்தம், கட்டணம் பற்றிய பிணக்குகளைத் தீர்த்துவைக்கும்.

கிராமப்புற இணைப்புகள் பற்றிய நடுநிலையான ஆலோசனையை, அரசாங்க நிதியில் இயங்கும் ரீஜனல் டெக் ஹப் சேவை இலவசமாக வழங்குகிறது. எந்த நிறுவனத்துடனும் தமிழிற் பேச, 131 450 என்ற இலக்கத்தில் மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை அழையுங்கள்.

கோபுரம் கட்டும் அதிகாரம் சபைக்கு இல்லை. எனினும், கூட்டரசாங்கத்தின் மொபைல் பிளாக் ஸ்பொட் திட்டம் போன்றவற்றின் கீழ்ப் புதிய கோபுரங்களுக்காக வாதாடும்போது, குடியிருப்பாளரின் அளவீடுகள் வலுவான சான்றாகின்றன. நாள், நேரம், இடம், வலையமைப்பு, எண் ஆகிய ஐந்தையும் எழுதி, சபையின் வாடிக்கையாளர் சேவை மேசையிற் கொடுங்கள். தமிழில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளப்படும். ஒரு வீட்டின் முறைப்பாட்டைவிட, ஒரே வீதியிலுள்ள பல வீடுகளின் அளவீடுகளுக்கு மதிப்பு அதிகம். ஆகவே அயலவரையும் சேர்த்துக்கொண்டு அளந்து பாருங்கள்.