நூலில் ஒரு பித்தளைச் சொம்பு

உல்லன் நூலைப் பலகையில் ஒட்டிப் படம் செய்ய, மாதிரிக்கு மூன்று பொருள் போதும்: பித்தளைச் சொம்பு, கத்தரிக்காய், எலுமிச்சம்பழம். ஜன்னலோர மேசையில், வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழும்படி வையுங்கள். சொம்பின் அடியைக் கத்தரிக்காய் கொஞ்சம் மறைக்கட்டும். மூன்றும் விலகி நின்றால் அரிச்சுவடிப் படம் மாதிரி ஆகிவிடும். ரோஜா, திராட்சைக் குலை எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். உல்லன் நூல் பருமனானது, பொடி வேலைக்கு ஒத்துழைக்காது.

செல்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது இருட்டு, எது நடுத்தரம், எது பளிச் என்பது நிறத்தின் குழப்பமில்லாமல் தெரியும். அந்த மூன்று பகுதிகளின் எல்லையையும் கோடாக வரைந்து, கார்பன் தாள் வைத்துப் பலகையில் படியெடுங்கள். 30 × 25 செ.மீ. அளவில் 6 மி.மீ. பிளைவுட் நல்லது. வெறும் அட்டை, பசையின் ஈரத்தில் வளைந்துவிடும்.

நூல் நிறைய வேண்டியிருக்குமோ என்று பயப்பட வேண்டாம். 2 மி.மீ. பருமனுள்ள நூலில் ஒரு சதுர செ.மீ. நிரப்ப 5 செ.மீ. பிடிக்கும், முழுப் பலகைக்கும் 40 மீட்டருக்குள் முடிந்துவிடும். ஸ்வெட்டர் பின்னுகிறவர்களிடம் மிஞ்சிக் கிடக்கும் உருண்டைகளே தாராளம். பஞ்சு பஞ்சாகப் பறக்கும் ரகத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், விளிம்பு மங்கிப்போகும்.

மெக்சிகோவின் மலைப்பகுதியில் வாழும் வீச்சோல் மக்கள் பலகையில் தேன்மெழுகும் பைன் பிசினும் கலந்து பூசி, நூலை விரலால் அழுத்திப் பதிக்கிறார்கள். அவர்கள் செய்வது தெய்வங்களும் மான்களும், காய்கறி அல்ல. ஆனாலும் முதலில் வெளிக்கோடு, பிறகு அதை ஒட்டியே உள்நோக்கி அடுத்தடுத்த வரிசை என்ற அவர்களின் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மெழுகு மட்டும் நமக்கு வேண்டாம்: சித்திரை வெயிலில் இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஃபெவிகால் போதும்.

பசையை ஐந்து ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மெல்லியதாகத் தடவுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் நூல் வைப்பதற்குள் காய்ந்துவிடும். நூலை இழுத்துப் பிடித்து ஒட்டக் கூடாது. இழுத்த நூல் பிறகு சுருங்கி, இடுக்கில் பலகை பல்லைக் காட்டும். தளர்வாக வைத்து, பல்குத்தியின் பக்கவாட்டால் முந்தைய வரிசையோடு நெருக்குங்கள். பசை மேலே கசிகிறதென்றால் அதிகமாகத் தடவிவிட்டீர்கள்; அந்த இடம் காய்ந்ததும் மொரமொரவென்று கறுத்து நிற்கும்.

இதில் நிறம் பாதி வேலைதான் செய்யும். மீதியைச் செய்வது நூல் ஓடும் திசை. ஒரே நூலைப் படுக்கையாகவும் நெடுக்காகவும் ஒட்டிப் பாருங்கள், முறுக்கில் வெளிச்சம் வேறு வேறாக விழுவதால் இரண்டு சாயலாகத் தெரியும். எலுமிச்சையைச் சுருளாக நிரப்புங்கள். கத்தரிக்காய்க்கு நூல் காம்பிலிருந்து அடிவரை நெடுக்காக, வயிற்றுப் பக்கம் வளைந்து ஓட வேண்டும். சொம்பின் வாயும் கழுத்தும் குறுக்காக, லேசாகக் கீழே தொய்ந்த வளைவுகளாக வரட்டும். நேர்கோடாக ஒட்டினால் சொம்பு தட்டையான தகரம் ஆகிவிடும்.

பித்தளைக்குக் கரும்பழுப்பு, கடுகு நிறம், மஞ்சள் மூன்றும் வேண்டும். அவை சந்திக்கும் இடம் வெட்டுத் தெரியாமலிருக்க ஒரு வழி உண்டு. 4 பிளை நூலில் ஒரு சாண் வெட்டி, முறுக்கைப் பிரித்து இரண்டு இழையைத் தனியே எடுங்கள். பக்கத்து நிறத்திலிருந்தும் அதேபோல் இரண்டு இழை. நான்கையும் சேர்த்து, இரு நுனியையும் பிடித்துப் பழைய திசையிலேயே முறுக்குங்கள். இரண்டு நிறமும் புள்ளி புள்ளியாகக் கலந்த ஒரு இடைநிறம் கிடைக்கும். எல்லையில் இரண்டு வரிசை ஓட்டினால் போதும். சொம்பின் மினுக்கத்துக்குச் சுண்டுவிரல் நகம் நீளத்தில் ஒரே ஒரு வெள்ளைத் துண்டு. இரண்டாவது துண்டு வைக்கக் கை அரிக்கும், வைக்காதீர்கள்.

நிழலுக்குக் கறுப்பு எடுக்க வேண்டாம், ஓட்டை போலத் தெரியும். அடர் ஊதா அல்லது கரும்பழுப்பு பொருத்தம். பின்னணியைக் கடைசியில் நிரப்புங்கள்: மேசை படுக்கையாக, சுவர் நெடுக்காக.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, சட்டம் போடுங்கள். கண்ணாடி வேண்டுமானால் அது நூலைத் தொடாதபடி நடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள். வார்னிஷ் அடிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நூல் பிளாஸ்டிக் கயிறாகிவிடும். தூசி படிந்தால் காய்ந்த மெல்லிய தூரிகையால் நூல் ஓடும் திசையிலேயே தட்டிவிடலாம்.